வெயில் காலத் தீனியும் ஒரு பில்லும்

2025 மார்ச் கடைசியில் சென்னையில் எடுத்த ஒரு வீடியோ, அடுத்த சில நாட்களில் தர்பூசணி விவசாயிகளின் வயிற்றில் அடித்தது. பழத்துக்குள் ஊசி போட்டுச் சிவப்புச் சாயம் ஏற்றுகிறார்கள், வெட்டிய துண்டில் டிஷ்யூ தாளைத் தேய்த்தால் சாயம் ஒட்டும் என்று உணவுப் பாதுகாப்பு அலுவலர் ஒருவர் அதில் விளக்கியிருந்தார். மீதியை வாட்ஸ்அப் குழுக்கள் பார்த்துக்கொண்டன. வெயில் ஏறிக்கொண்டிருந்த நேரத்தில் வாங்க ஆளில்லாமல் பழம் வயலிலேயே கிடந்தது. விவசாயிகள் கொதித்தெழுந்த பிறகு, அப்படிச் சாயம் ஏற்றிய பழம் எதுவும் தமிழ்நாட்டில் பிடிபடவில்லை என்ற விளக்கம் வந்தது. அதற்குள் அந்தப் பருவத்தின் விலை போய்விட்டது.

தர்பூசணிக்குச் சிவப்பைக் கொடுப்பது லைகோபீன் என்ற நிறமி. தக்காளியில் இருப்பதும் அதுதான். நல்ல பழத்தில் தாளைத் தேய்த்தாலும் சாறு ஒட்டத்தான் செய்யும். ஊசி வழியே போன சாயம், குத்திய இடத்தைச் சுற்றித் திட்டாக நிற்குமே தவிரப் பழம் முழுக்கச் சீராகப் பரவாது. துளை வழியே கிருமி புகுந்து பழம் சீக்கிரம் அழுகிவிடும். லாபத்துக்காகக் கலப்படம் செய்கிறவர் இப்படியொரு நஷ்டக் கணக்குப் போடமாட்டார்.

ஆனால் ஒவ்வொரு கோடையிலும் வெட்டி அடுக்கிய தர்பூசணித் துண்டுகள் தள்ளுவண்டியில் மணிக்கணக்காக வெயில் காய்கின்றன. கத்தியைக் கழுவும் வாளித் தண்ணீர் காலையில் பிடித்தது. சாயங்காலம் வரை அதே தண்ணீர். அதைப் பற்றி யாரும் வீடியோ போடுவதில்லை. கோடைத் தீனியில் நாம் பயப்படுகிற விஷயங்கள் ஒரு பக்கம் இருக்க, நம்மைப் படுக்கையில் தள்ளுகிற விஷயங்கள் வேறு பக்கம் இருக்கின்றன. நிறத்தைக் கண்டால் மிரள்கிறோம். வயிற்றைக் கெடுப்பவையோ பெரும்பாலும் மூன்று: நேரம், தண்ணீர், கை. இந்த மூன்றும் கண்ணுக்குத் தெரிவதில்லை. நடந்துபோன பிறகு சட்டத்தின் முன் நிரூபிப்பதும் எளிதில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரையில் கிருமிக்கு எவ்வளவு இடமோ, அவ்வளவு இடம் பில்லுக்கும் உண்டு.

அண்டாவுக்குள் ஓடும் கடிகாரம்

முதலில் வீட்டிலிருந்தே தொடங்கலாம். கோடை விடுமுறை என்றால் பேரப்பிள்ளைகள் ஊருக்கு வருவார்கள். காதுகுத்து, பிறந்தநாள், மொட்டைமாடியில் நிலாச்சோறு என்று ஏதாவது ஒன்று நடக்கும். இருபது முப்பது பேருக்குச் சமைக்கும் வீட்டில் ஓட்டல் சமையலறையின் ஆபத்துகள் எல்லாம் உண்டு. ஓட்டலில் இருக்க வேண்டிய குளிர்பதன வசதியும் சமையல் ஆட்களும் மட்டும் இருக்காது.

உணவைக் கெடுக்கும் கிருமிகள் செழிப்பாகப் பெருகுவது 5 டிகிரி செல்சியசுக்கும் 60 டிகிரிக்கும் இடையில். தோதான சூட்டில் சில வகைக் கிருமிகள் இருபது நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டு மடங்காகும். சமைத்த உணவை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்கக் கூடாது என்பது பொதுவான விதி. வெளியே வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் அந்த நேரம் ஒரு மணியாகக் குறைகிறது. சித்திரை, வைகாசியில் நம் ஊர்களில் காலை பத்து மணிக்கே 32 டிகிரி கடந்துவிடும். மதியப் பந்திக்குக் காலை ஏழு மணிக்கே வடித்துக் கொட்டிய சோற்றின் நிலையை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

சோற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதன் மேல் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. கறியில் ஏதோ இருந்திருக்கும், மீன் பழசாக இருக்கும் என்றுதான் பேச்சு போகும். அரிசியில் பேசிலஸ் செரியஸ் என்ற ஒரு கிருமியின் வித்துகள் இயல்பாகவே இருக்கும். கொதிக்கும் உலையிலும் அவை சாகாமல் தாக்குப்பிடிக்கும். சோறு ஆறி வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது முளைத்துப் பெருகி நஞ்சைச் சுரக்கும். வாந்தியை வரவைக்கும் அந்த நஞ்சு, திரும்பச் சூடு செய்தாலும் போகாது. நாற்பது பேருக்கான பிரியாணி அண்டா, மூடி போட்ட நிலையில் நடுவில் பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே இருக்கும். மிஞ்சியதை அதே அண்டாவில் இரவு வரை வைத்து, சூடு பண்ணிச் சாப்பிடலாம் என்று நினைப்பதுதான் நம் வீடுகளில் அதிகம் நடக்கும் தவறு. மிச்சம் இருக்கும் என்று தெரிந்தவுடனே அகலத் தட்டுகளில் பரப்பி ஆறவிட்டு, சின்னச் சின்ன டப்பாக்களில் ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிடுங்கள். மறுபடி எடுத்தால் ஆவி பறக்கச் சூடு செய்து, ஒரே தடவையில் முடித்துவிடுங்கள்.

ஸ்டெஃபிலோகாக்கஸ் என்ற இன்னொரு கிருமியின் நஞ்சும் சூட்டுக்கு அஞ்சாதது. அது வருவது கையிலிருந்து: விரலில் வெட்டுக்காயம், கொப்புளம், மூக்கைத் தொட்ட கை. சமைத்து முடித்த பிறகு கையால் பிசைந்து, கிள்ளி, அடுக்கி வைக்கும் பண்டங்களில்தான் இதன் வேலை. பரிமாறுபவர் கையில் கட்டுப் போட்டிருந்தால் அன்று அவருக்கு இலை போடும் வேலையைக் கொடுத்துவிடலாம்.

கெட்டுப்போயிருந்தால் வாடை வந்திருக்குமே என்பார்கள். புளித்த வாடையையும் நூல் விடுவதையும் உண்டாக்குகிற கிருமிகள் வேறு; நோயைத் தரும் கிருமிகள் பெரும்பாலும் மணத்தையும் ருசியையும் மாற்றுவதில்லை. நம் பாட்டிமார்கள் கட்டுச்சோற்று மூட்டையில் புளிசாதத்தையும் எலுமிச்சை சாதத்தையும் வைத்ததற்குக் காரணம் இருந்தது. புளிப்பு அதிகமுள்ள உணவில் கிருமிகள் எளிதில் பெருகுவதில்லை. தேங்காய்ச் சட்னிக்கும் பருப்புக் கூட்டுக்கும் அந்தப் பாதுகாப்பு கிடையாது. சுற்றுலாவுக்கு வேன் பிடித்துப் போகிறவர்கள் மெனுவை மாற்றிக்கொண்டாலே பாதி வேலை முடிந்தது.

ஃப்ரிட்ஜும் கோடையில் தடுமாறும். பிள்ளைகள் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை கதவைத் திறப்பார்கள். கரண்ட் போய் வரும். தண்ணீர்ப் பாட்டில்களை நெருக்கி அடுக்கியதில் காற்றோட்டமே இருக்காது. மசாலா தடவிய கோழியை மேல்தட்டில் வைத்து, அதன் நீர் கீழே உள்ள பழத்துண்டுகளில் சொட்டுவது சாதாரணமாக நடக்கிறது. பச்சை இறைச்சி எப்போதும் அடித்தட்டில், மூடிய பாத்திரத்தில் இருக்கட்டும். மொட்டைமாடியில் கரி மூட்டிக் கோழி சுடுவது இப்போது பரவலாகிவிட்டது. பச்சைக் கறியைக் கொண்டுபோன அதே தட்டில் சுட்ட கறியைத் திரும்ப வாங்காதீர்கள். ஊறவைத்த மசாலாவை மேலே தடவும் சாஸாக ஊற்றாதீர்கள். வெளியே கருகி, எலும்போரம் இளஞ்சிவப்பாக இருக்கும் கோழி சரியாக வேகாமல் இருக்கலாம்.

தெருமுனையில்

நுங்கு, இளநீர், வெள்ளரிப்பிஞ்சு, உப்பு மிளகாய் தூவிய மாங்காய், நன்னாரி சர்பத், கம்பங்கூழ். இதெல்லாம் வேண்டாம் என்று சொல்லும் விழிப்புணர்வில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஏசி உணவகத்தில் நேற்று வெட்டிய பழ சாலடை விட, கண் முன்னால் சீவித் தரும் இளநீர் பாதுகாப்பானது. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: எப்போது வெட்டியது? கண் முன்னால் வெட்டச் சொல்லி வாங்குங்கள். பத்து ரூபாய்க்கும் அதைக் கேட்க உரிமை உண்டு.

ஐஸ் விஷயம் அப்படி எளிதில்லை. உறைந்தால் கிருமி செத்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். பெரும்பாலானவை சாவதில்லை, உறங்குகின்றன; கரும்புச்சாற்றில் கரைந்ததும் விழித்துக்கொள்கின்றன. மீன் பெட்டிக்குப் போகும் ஐஸ் பாரும் சர்பத் கண்ணாடி டம்ளருக்குப் போகும் ஐஸும் பார்வைக்கு ஒன்றுபோல இருப்பதுதான் சிக்கல். அதற்காகவே, உண்ணத் தகாத ஐஸில் லேசான நீலநிறம் சேர்க்க வேண்டும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் (சுருக்கமாக எஃப்எஸ்எஸ்ஏஐ) 2018-இல் அறிவுறுத்தியது. நீல ஐஸை எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? சாக்குப் போட்டுச் சுற்றித் தரையில் இழுத்துவந்த ஐஸ் என்றால், "ஐஸ் போடாம குடுங்கண்ணே" என்று சொல்லிவிடுவது நல்லது.

மாம்பழத்துக்கு வருவோம். கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைப்பது சட்டப்படி தடை. ஈரம் பட்டால் அது அசிட்டிலின் வாயுவை வெளியிடும். கல்லில் ஆர்செனிக்கும் பாஸ்பரசும் சிறிதளவு இருக்கும். ஆனால் செயற்கையாகப் பழுக்கவைப்பதெல்லாம் குற்றம் என்று நினைக்க வேண்டாம். அறையில் எத்திலீன் வாயுவை 100 பிபிஎம் அளவு வரை விட்டுப் பழுக்கவைக்க 2016 முதல் அனுமதி உண்டு. பழங்கள் தாமாகப் பழுக்கும்போது விடும் வாயுவும் அதுதான். சீசனுக்கு முன்பே வந்த பழம், ஒரே சீரான மஞ்சள், காம்போரத்தில் மணமே இல்லாமை, உள்ளே வெட்டினால் புளிப்பு ஆகியவை சந்தேகப்பட வைக்கலாம். வீட்டில் செய்யும் எந்தச் சோதனையும் உறுதியான பதிலைத் தராது. ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவி, தோலைச் சீவிச் சாப்பிடுவது போதுமான எச்சரிக்கை. கோயம்பேட்டில் டன் கணக்கில் மாம்பழம் பறிமுதல் என்ற செய்தி கோடைதோறும் வருகிறது. அந்த மாதிரிகளின் ஆய்வு முடிவு என்ன ஆனது, யாருக்கு எவ்வளவு அபராதம் என்ற தொடர்ச்செய்தி அநேகமாக வருவதே இல்லை.

நிறத்துக்குப் பயப்பட வேண்டிய இடமும் உண்டு, மறுக்கவில்லை. துணிச் சாயமான ரோடமின்-பி கலந்திருந்தது ஆய்வில் உறுதியானதால் 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு பஞ்சுமிட்டாய் விற்பனையைத் தடை செய்தது. சில நாட்கள் முன்னதாகப் புதுச்சேரி செய்திருந்தது. கண்ணைப் பறிக்கும் ரோஸ் நிறத்தில் ஐஸும் சர்பத்தும் விற்றால் தயங்குவது சரிதான்.

திரவ நைட்ரஜனில் முக்கித் தரும், புகை விடும் பிஸ்கட் கதை வேறு. திரவ நைட்ரஜன் கொதிப்பதே மைனஸ் 196 டிகிரியில். முழுவதும் ஆவியாகும் முன் வாயில் போட்டால் நாக்கு, தொண்டை, இரைப்பை எல்லாம் குளிரில் வெந்துபோகும். கர்நாடகத்தில் ஒரு சிறுவன் இதைச் சாப்பிட்டுத் துடித்த வீடியோ பரவியதும், 2024 ஏப்ரலில் தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறை கடைகளுக்குக் கடும் எச்சரிக்கை விடுத்தது. பொருட்காட்சியில் பிள்ளை அடம்பிடித்தால் ராட்டினத்தில் இன்னொரு சுற்று விடுங்கள், இது வேண்டாம்.

குச்சி ஐஸ், கோன் ஐஸ் வாங்கும்போது லேபிளைப் பாருங்கள். ஐஸ்க்ரீம் என்று விற்க வேண்டுமானால் பால் கொழுப்பு இருந்தாக வேண்டும். தாவர எண்ணெயில் செய்தது ஃப்ரோசன் டெசர்ட். லேபிளில் அப்படித்தான் எழுத வேண்டும். அது கெடுதல் என்று சொல்லவில்லை. ஆனால் எதற்குக் காசு கொடுக்கிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும். உருகி மறுபடி உறைந்து கோணலாகிப் போன ஐஸ்க்ரீமை மாற்றித் தரச் சொல்லுங்கள்.

மேசையில் வைக்கும் பில்

2022 மே மாதம் கேரளத்தின் காசர்கோட்டில் ஷவர்மா சாப்பிட்ட 16 வயதுப் பெண் இறந்தார். ஷிகெல்லா கிருமி கண்டறியப்பட்டது. 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயதுச் சிறுமி இறந்தார். அதே கடையில் சாப்பிட்ட பலர் மருத்துவமனைக்குப் போனார்கள். ஷவர்மாவில் கறி ஒரு கம்பியில் செங்குத்தாகச் சுழலும், சூடு வெளிப்பக்கத்தில்தான் படும். வாடிக்கையாளர் கூட்டம் அதிகமாகி, வெந்த அடுக்குக்கு அடியிலும் சேர்த்துச் சீவினால் பச்சைக் கறி வந்துவிடும். கூட்டம் குறைவாக இருந்தால் அடுப்பை அணைத்து அணைத்து ஏற்றுவார்கள். கறி நாள் முழுக்க வெதுவெதுப்பிலேயே நிற்கும். இரண்டுமே கெடுதல்.

கூட வரும் மயோனைஸ் பச்சை முட்டையில் அடித்ததாக இருந்தால் சால்மோனெல்லாவுக்கு வாசல் திறந்ததாகிவிடும். பச்சை முட்டை மயோனைஸைத் தயாரிக்கவும் விற்கவும் 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தமிழ்நாடு தடை விதித்தது அதனால்தான். தடை அமலில் இருக்கிறதோ இல்லையோ, "இது முட்டை போட்டதா, எக்லெஸ்ஸா?" என்று கேளுங்கள். பரிமாறுபவர் உள்ளே போய்க் கேட்டு வந்தால் நல்ல கடை, எரிச்சல்பட்டால் எழுந்துவிடலாம்.

பில் வந்ததும் மூன்று விஷயம் பாருங்கள். முதலாவது, எஃப்எஸ்எஸ்ஏஐ எண். உணவு விற்கும் கடைகள் 14 இலக்க உரிம எண்ணையோ பதிவு எண்ணையோ பில்லில் அச்சிட வேண்டும் என்பது 2022 ஜனவரி 1 முதல் கட்டாயம். பின்னால் புகார் கொடுக்க நேர்ந்தால் கடையை அடையாளம் காட்டும் சாட்சி அந்த எண். இரண்டாவது, சேவைக் கட்டணம். ஜிஎஸ்டி அரசுக்குப் போகும் வரி. சர்வீஸ் சார்ஜ் என்பது உணவகம் தனக்காகப் போட்டுக்கொள்வது. அதைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. 2025 மார்ச்சில் தில்லி உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. எடுக்கச் சொன்னால் எடுக்க வேண்டும். டிப்ஸ் கொடுப்பது உங்கள் மனசு.

மூன்றாவது, தண்ணீர்ப் பாட்டில். பெட்டிக்கடையில், பேருந்து நிலையத்தில், எம்ஆர்பி 20 ரூபாய் பாட்டிலுக்கு "கூலிங் சார்ஜ்" சேர்த்து 25 வாங்குவது சட்டமுறை எடையளவு விதிகளின்படி குற்றம். தமிழ்நாட்டில் இதை விசாரிப்பது தொழிலாளர் துறை. ஆனால் உட்கார்ந்து சாப்பிடும் ஓட்டலில் நிலைமை வேறு: அங்கே பாட்டிலோடு சேவையும் சேர்வதால் எம்ஆர்பிக்கு மேல் வாங்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில் சொல்லிவிட்டது. இது தெரியாமல் ஓட்டலில் மல்லுக்கட்டி மூக்குடைபட்டவர்கள் உண்டு. விடுமுறையில் சினிமாவுக்குப் போகிறவர்களுக்கு இன்னொரு தீர்ப்பு உதவும். வெளி உணவைத் தடுக்கத் தியேட்டருக்கு உரிமை உண்டு. ஆனால் இலவசக் குடிநீர் வைக்க வேண்டும், கைக்குழந்தைக்குக் கொண்டுவரும் உணவைத் தடுக்கக் கூடாது என்றது உச்ச நீதிமன்றம், 2023 ஜனவரியில்.

வயிறு கலங்கினால்

முதல் வேலை புகார் அல்ல, உப்புச்சர்க்கரைக் கரைசல். கோடையில் வயிற்றுப்போக்கு ஆளைச் சாய்ப்பது நீரிழப்பால். ஓஆர்எஸ் பாக்கெட்டில் எழுதியுள்ள அளவுத் தண்ணீரில் கலந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. கடையில் டெட்ரா பாக்கெட்டில் விற்கும் பழச்சுவைப் பானங்கள் இதற்கு ஈடாகாது. உலக சுகாதார நிறுவனத்தின் கலவை விகிதத்தில் இல்லாத பானங்கள் ஓஆர்எஸ் என்ற பெயரைப் போட்டுக்கொள்ளக் கூடாது என்று 2025 அக்டோபரில் எஃப்எஸ்எஸ்ஏஐ உத்தரவிட்டது, அதுவும் பல ஆண்டுகள் அப்படி விற்ற பிறகு. மலத்தில் ரத்தம், அடங்காத காய்ச்சல், குடித்ததெல்லாம் வாந்தியாவது, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாமை, குழந்தை துவண்டு கிடப்பது ஆகியவற்றில் எது தெரிந்தாலும் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். 108-ஐ அழையுங்கள். போக்கை நிறுத்தும் மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கிப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள்.

கடைசியாகச் சாப்பிட்ட இடத்தின் மேல் பழி போடுவது மனித இயல்பு. கிருமிகளின் கால அளவு அப்படி இல்லை. சோற்றின் நஞ்சும் கையிலிருந்து வந்த நஞ்சும் ஒன்றிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தியாக வெளிப்படும். சால்மோனெல்லா ஆறு மணி முதல் மூன்று நாள் வரை எடுக்கும். டைபாய்டு ஒன்று முதல் மூன்று வாரம். மஞ்சள்காமாலையை உண்டாக்கும் ஹெபடைட்டிஸ்-ஏ இரண்டிலிருந்து ஏழு வாரம் வரைகூட. ஆகவே மூன்று நாளில் எங்கே என்ன சாப்பிட்டோம், கூடச் சாப்பிட்ட யாருக்கு என்ன ஆனது என்று ஒரு தாளில் எழுதுங்கள். மருத்துவருக்கும் அது உதவும், அலுவலருக்கும் உதவும்.

அடுத்தது ஆதாரம். மிச்ச உணவு இருந்தால் தூக்கி எறியாமல் மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள். பார்சல் டப்பா, லேபிள், பில் எல்லாவற்றையும் படமெடுங்கள். இப்போதைய பில்கள் சூடுபட்டால் எழுத்து வெளுக்கும் தாளில் வருகின்றன. வண்டி டேங்க் கவரில் வைத்தால் ஒரு வாரத்தில் வெள்ளைத்தாள்தான் மிஞ்சும். மருத்துவர் சீட்டில் "உணவு நஞ்சாதல் எனச் சந்தேகம்" என்று எழுதியிருந்தால் வழக்குக்குப் பலம். மலப் பரிசோதனை தேவை என்று மருத்துவர் சொன்னால் ஆன்டிபயாடிக் தொடங்கும் முன் மாதிரி கொடுத்துவிடுங்கள்.

புகார் சொல்லத் தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322. கடையின் பெயர், இடம், தேதி, நேரம், எஃப்எஸ்எஸ்ஏஐ எண், படங்கள் இவை போதும். ஆத்திரமான பெயரடைகள் தேவையில்லை. ஒவ்வொரு மாவட்டத்திலும் நியமன அலுவலர் ஒருவர் இருக்கிறார். அவருக்கு எழுத்துமூலம் மனு கொடுத்து ஒப்புகை பெறுவது இன்னும் வலுவானது. கடையைச் சோதிக்கவும் மாதிரி எடுக்கவும் உணவைப் பறிமுதல் செய்யவும் உணவுப் பாதுகாப்பு அலுவலருக்கு அதிகாரம் உண்டு. பகுப்பாய்வாளர் 14 நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும் என்கிறது சட்டம்.

அதிகாரி வரும்வரை காத்திருக்காமல் நாமே உணவைச் சோதனைக்குக் கொடுக்கவும் வழி உண்டு என்பது பலருக்குத் தெரியாது. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டத்தின் 40-ஆம் பிரிவு அந்த உரிமையைத் தருகிறது. கட்டணம் கட்ட வேண்டும். உணவு சட்டத்துக்கு உட்பட்டதாக இல்லை என்று அறிக்கை வந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். ஒரு நிபந்தனை மட்டும் இருக்கிறது: இதைச் சோதனைக்குக் கொடுக்கப் போகிறேன் என்று வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். எண்ணெயில், பாலில் தொடர்ந்து சந்தேகம் உள்ளவர்களுக்கு இது பயன்படும். சாப்பிட்ட பிறகு சந்தேகம் வந்தவர்களுக்கு அவ்வளவாகப் பயன்படாது.

அதே சட்டத்தின் 65-ஆம் பிரிவு இழப்பீடு பற்றியது. உணவால் மரணம் நேர்ந்தால் குறைந்தது 5 லட்சம் ரூபாய், கொடுங்காயம் என்றால் 3 லட்சம் வரை, மற்றவற்றுக்கு 1 லட்சம் வரை. பாதுகாப்பற்ற உணவால் உயிர் போனால் விற்றவருக்கு ஏழு ஆண்டுக்குக் குறையாத சிறை, ஆயுள் தண்டனை வரை போகலாம். அபராதம் 10 லட்சத்துக்குக் குறையாது.

இதற்குத் தனியாக, பணத்தைத் திரும்பப் பெறவும் மருத்துவச் செலவும் மன உளைச்சலுக்கான தொகையும் கேட்கவும் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசிப் பார்க்கலாம். பல சிறிய வழக்குகள் அங்கேயே முடிகின்றன. செயலி மூலம் வாங்கிய உணவு என்றால் அந்த நிறுவனத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாருக்கு ஒப்புகை தந்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். "கடைதான் பொறுப்பு, நாங்கள் கொண்டுவந்து மட்டும் கொடுத்தோம்" என்ற பதிலோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். ஆணையத்துக்குப் போக வழக்கறிஞர் கட்டாயமில்லை. நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணமும் இல்லை. சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும்.

முகநூலில் கடையின் பெயரைப் போட்டுத் திட்டுவது உடனடி ஆறுதல் தரும். ஆய்வு அறிக்கைக்கு முன் போட்டால் அவதூறு வழக்கு உங்கள் பக்கம் திரும்பலாம். தர்பூசணி விவசாயிகளுக்கு நேர்ந்தது ஒரு தள்ளுவண்டிக்காரருக்கும் நேரலாம். அவருக்கு விளக்கம் வெளியிட ஒரு துறையும் கிடையாது.

காசு கொடுக்காமல் சாப்பிட்டவர்கள்

கோயில் திருவிழாவின் நீர்மோர்ப் பந்தலில், அன்னதானத்தில் சாப்பிட்டு வயிறு கெட்டால்? காசு கொடுக்காததால் நுகர்வோர் ஆணையத்தில் கேட்க முடியாது. ஆனால் உணவுப் பாதுகாப்புச் சட்டம் உணவுத் தொழில் என்பதை லாபநோக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும் என்றே வரையறுக்கிறது. மதுரைச் சித்திரைத் திருவிழாவில் அன்னதானமும் நீர்மோரும் வழங்குவோர் உணவுப் பாதுகாப்புத் துறையிடம் பதிவுசெய்ய வேண்டும் என்று அறிவிக்கப்படுவது அதன் அடிப்படையில்தான். பக்தியில் செய்கிறவர்களை ஏன் படுத்துகிறார்கள் என்று சிலர் கோபப்படுகிறார்கள். அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் கூடும் கூட்டத்தில் ஒரே ஒரு கெட்டுப்போன டிரம் மோர் என்ன செய்யும் என்று யோசித்தால் அந்தக் கோபம் தணிந்துவிடும். பந்தல் வைக்கிறவர்கள் கொதிக்கவைத்த அல்லது குளோரின் சேர்த்த தண்ணீரையே பயன்படுத்தட்டும், மோரைக் காலையிலேயே மொத்தமாகக் கலக்காமல் தீரத் தீரக் கலக்கட்டும், டம்ளரை டிரம்மில் முக்கி எடுக்காமல் நீளக் கைப்பிடிக் கரண்டியால் ஊற்றட்டும்.

வீட்டு விசேஷத்துக்குக் கேட்டரிங் சொன்னால் நிலைமை மாறுகிறது. பணம் கொடுத்தவர் நுகர்வோர். அவர் சம்மதத்தோடு பந்தியில் உட்கார்ந்த விருந்தினரும் பயனாளி என்ற முறையில் சட்டத்தின் வரையறைக்குள் வருகிறார். நம் ஊரில் சமையல்காரரிடம் இலைக்கு இவ்வளவு என்று வாய்மொழியாகப் பேசி, அட்வான்ஸைக் கையில் கொடுத்து முடித்துவிடுகிறோம். ஒரு தாளில் எழுதி வாங்குங்கள்: உரிம எண், எத்தனை இலை, எந்தத் தண்ணீரில் சமையல், எத்தனை மணிக்கு அடுப்பிலிருந்து இறக்குவார்கள். பன்னிரண்டு மணிப் பந்திக்கு ஆறு மணிக்கே எல்லாம் தயார் என்று பெருமையாகச் சொன்னால், பதினொன்றுக்கு வடித்தால் போதும் என்று அங்கேயே பேசி முடித்துக்கொள்ளுங்கள். இரண்டு ஆள் கூலி கூடுதலாகக் கேட்பார்கள். கொடுக்கலாம்.